நல்லெண்ணெய் விட்டது நான், கள்ளன் என்று எழுதியது நீ

தம்பி,

கடிதத்தை 'அன்புள்ள மகனுக்கு' என்று தொடங்க வேண்டும் என எழுத்துப் படிக்கிற வகுப்பில் டீச்சர் சொல்லித் தந்தார். நான் அந்தச் சொற்களை எழுதிப் பார்த்துவிட்டு வெட்டிவிட்டேன். இப்போது உன்மீது எனக்கு இருப்பது கோபம். எழுபது வயது வரைக்கும் என் கோபமெல்லாம் வாயால்தான் போனது. நான் சத்தம் போடுவேன், நீ போனைப் பார்த்துக்கொண்டிருப்பாய், அம்மா தேத்தண்ணி கொண்டுவருவாள், அத்தோடு முடிந்துவிடும். முதல் தடவையாக என் கோபத்தைக் கடதாசியில் வைக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போகிறது. மெல்ல எழுதினால் கோபம் ஆறிவிடும் என்று அம்மா சொன்னாள். ஆறவில்லை. ஒரு நீளமான சொல்லைப் பிழையில்லாமல் எழுதி முடிக்கும்போது எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வருகிறது, அது உண்மைதான். அந்தச் சிரிப்பைப் பற்றி அம்மா உனக்குப் போனில் சொன்னால், அப்பா ஆறிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே.

இதை நீயே வாசிக்க வேண்டும். நீ கட்டப்போகிற தர்ஷினியிடம் கொடுத்து வாசித்துச் சொல் என்று கேட்காதே. பத்து வருடம் சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். நீ வெளியே வரும் வரைக்கும் காருக்குள்ளேயே இருப்பேன். மற்றத் தகப்பன்மார் உள்ளே போய் நின்று கதைப்பார்கள். நான் போகாததற்குக் காரணம், யாராவது ஒரு நோட்டீசைக் கையில் தந்து 'இதை ஒருக்கா பாருங்கோ' என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். உனக்கு நான் சொன்ன காரணம் பார்க்கிங் டிக்கெட். அப்படி இருந்து படிப்பித்த தமிழ் உன்னிடம் இன்னும் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவும் போவதில்லை. எங்கள் வகுப்பில் படிக்கிறவர்களின் எழுத்தைச் சேர்த்து டீச்சர் ஒரு சின்ன மலர் போடுகிறார். இது முதலில் உன் கைக்கு வரும், பிறகு அதில் வரும். உனக்கு வெட்கமாக இருக்கும், தெரியும். நீ தர்ஷினியின் தமையன் கஜனைக் கள்ளன் என்று எழுதியபோது நாற்பது பேர் இருக்கிற உங்கள் போன் குழுவில்தான் எழுதினாய். அதற்கான பதிலும் நாலு பேர் கண்ணில் படட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை தர்ஷினியின் தாய் அம்மாவுக்குப் போன் எடுத்து அழுதிருக்கிறா. அவவின் ஒரே மகன், தர்ஷினியின் ஒரே தமையன் கஜன், தோழனாக நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மண்டப வாசலில் உனக்குக் கால் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் அவன். அதற்கு நீதான் அவனுக்கு மோதிரம் போட வேண்டும். அம்மா இதை உன்னிடம் சொன்னபோது நீ சொன்ன பதிலை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். 'விடுங்கோ அம்மா, வேற ஆரையும் பிடிப்பம். மிலானைக் கேட்டால் நிப்பான்.' பந்தல்காரனை மாற்றுவதுபோலச் சொன்னாய். மிலான் உன் சித்தியின் மகன். பெண்ணின் தமையன் லண்டனில் உயிரோடு இருக்கும்போது, மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தம்பி அந்த வாசலில் செம்போடு நின்றால், வந்திருக்கிற அவ்வளவு பேரும் தர்ஷினியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளை உன் பக்கமும் கதைக்க முடியாமல், தமையன் பக்கமும் கதைக்க முடியாமல் இருக்கிறாள். இவ்வளவும் ஒரு விளையாட்டுத் துவக்கால் வந்தது.

அந்த நீளப் பெட்டி குட்மேய்ஸில் இருக்கிற நம் வீட்டுக்கு வந்த அன்று நான் போட்ட சத்தம் உனக்கு நினைவிருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புத் துவக்கு, மேலே தூரத்தைப் பார்க்கும் கண்ணாடி, மறைந்திருந்து ஆளைச் சுடுகிறவன் வைத்திருப்பது போலவே. துவக்கு இல்லாத வீட்டில் இருந்து சாக வேண்டும் என்றுதான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். தூக்கி வெளியே எறி என்றேன். அன்று நீ பொறுமையாக இருந்தாய், அதையும் எழுதத்தான் வேண்டும். 'இதுக்குள்ள வெடிமருந்து ஒண்டும் இல்லையப்பா, வெறும் ஸ்பிரிங். பிளாஸ்டிக் குண்டு. கழட்டிக் காட்டுறன், பாருங்கோ,' என்று சாப்பாட்டு மேசையிலேயே பின்பக்கத்தைக் கழற்றினாய். உருளைக்குள் ஒரு பிஸ்டன், அதற்குப் பின்னால் நீள ஸ்பிரிங். கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் ஸ்பிரிங் நெரிபட, பிஸ்டன் ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு நிற்கும். விசையை அழுத்தினால் கொக்கி விட்டுவிடும். பிஸ்டன் முன்னுக்குப் பாய்ந்து காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். குழல் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன ரப்பர் இருக்கிறது. அது குண்டின் தலையில் மெல்ல உரசி அதைப் பின்பக்கமாகச் சுழல வைக்கும், அந்தச் சுழற்சியால்தான் குண்டு சீக்கிரம் கீழே விழாமல் நேராகப் போகும் என்று விளக்கினாய். எட்டு வயதில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிற கடைக்குப் போய், பிறகு இல்போர்ட் கராஜில் முழங்கால் தேயும் வரைக்கும் நின்றவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இது துவக்கு இல்லை, பம்ப் என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்த ஒரு மணித்தியாலம் நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு உனக்கு அது போதாமல் போனது. இன்னும் தூரம் போக வேண்டும் என்றாய். கஜன்தான் அதைச் செய்து தந்தான். காட்டுக்குள் இரண்டு அணியாக நின்று பிளாஸ்டிக் குண்டால் ஒருவரையொருவர் சுடுகிற அந்த விளையாட்டுக்கு அவனோடு போன பழக்கத்தில்தான் தர்ஷினியையும் கண்டாய், அதை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பாரிசிலிருந்து வந்த நாளிலிருந்து அவன் கடைகளுக்கு ஷட்டர் போடுகிறான். ஷட்டரின் மேலே சுருண்டிருக்கும் ஸ்பிரிங் கை தவறினால் மணிக்கட்டை முறித்துவிடும். அதோடு தினமும் பழகுகிறவன் ஸ்பிரிங்குக்கு மரியாதை கொடுப்பான். நான் ஒரு சனிக்கிழமை உன்னோடு ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற அவன் கடைக்கு வந்து அவன் வேலை செய்வதைப் பார்த்தேன். நீ புது ஸ்பிரிங்கை முதலில் போடு என்று அவசரப்பட்டாய். அவன், 'முதல்ல பிடிக்கிற சாமானை மாத்துவம் மச்சான், பிறகு தள்ளுற சாமானை மாத்துவம்,' என்று சொல்லிவிட்டு, கொக்கியையும் பிஸ்டனையும் பலமானதாக மாற்றினான். பிஸ்டனின் வளையத்தால் காற்றுக் கசிகிறதா என்று குழல் வாயை விரலால் அடைத்துப் பார்த்தான். ரப்பரைப் புதிதாகப் போட்டான். எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்பிரிங், அதுவும் மைதானத்தில் அனுமதிக்கிற வேகத்துக்கு உட்பட்டது. எனக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அடுத்த கிழமை நீ காட்டிலிருந்து வந்து, அறுபது யார்ட் தூரத்தில் ஒருவனின் தொப்பியில் பட்டது என்று அம்மாவைச் சமைக்க விடாமல் கதை சொன்னாய்.

இனி என் பிழையை எழுதுகிறேன். இந்தப் பத்தியை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது. நவராத்திரியின் கடைசி நாள் ஆயுத பூசை. நீ வேலைக்குப் போய்விட்டாய். நான் வழக்கம்போல என் ஸ்பானர்களைத் துடைத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். அம்மாவின் தையல் மெசின், அவளுடைய கத்தரிக்கோல், அடுத்த நாளைக்கென்று நான் வாங்கி வைத்திருந்த கொப்பியும் பென்சிலும். அப்போது உன் கட்டிலுக்குக் கீழே இருக்கிற பம்பின் ஞாபகம் வந்தது. பிள்ளையின் கருவியும் இருக்கட்டும் என்று எடுத்து வந்தேன். 'துவக்கையோ சாமிக்கு வைக்கிறியள்?' என்று அம்மா தடுத்தாள். இது பம்பப்பா என்று அவளுக்கும் விளக்கினேன். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் பூசைக்கு வைப்பது என் பழக்கம். கையில் இருந்தது விளக்குக்கு விடுகிற நல்லெண்ணெய்ப் போத்தல். கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துத் திறந்து, குண்டு போய் நிற்கிற அந்த வாயில் நாலு சொட்டு விட்டேன். திருநீற்றுக் கையோடு உள்ளே விரலை விட்டு நன்றாகப் பூசியும் விட்டேன். வெளியே மூன்று குறி இழுத்து, சந்தனப் பொட்டும் வைத்தேன். நீ வருமுன் வெளிப்பக்கத்தைத் துடைத்துத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டேன். உள்பக்கத்தைத் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உள்ளே போனது சாமிக்கு வைத்தது, அது நல்லதுதான் செய்யும் என்று நினைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. கோயிலில் ஏடு தொடக்குகிற வரிசையில் மூன்று வயதுப் பிள்ளைகளோடு நானும் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தேன். பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டை, 'தாத்தா, நீங்களும் நேர்சரிக்குப் போறீங்களோ?' என்று கேட்டாள். ஓம் என்றேன். ஐயர் என் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத இன்னும் சொற்கள் படிக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் துவக்கை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

அந்த ஞாயிறு நீ விளையாடப் போனாய். குண்டு வலதுபக்கம் வளைந்து போனதாம், சிலது பத்து யார்டில் கீழே விழுந்ததாம், கூட நின்றவர்கள் சிரித்தார்களாம். நன்றாக இருந்த சாமான் ஒரு கிழமைக்குள் கெட்டுப்போனால் திருத்துகிறவன் முதலில் கேட்கிற கேள்வி, கடைசியாக நன்றாக வேலை செய்த நேரத்துக்கும் இப்போதைக்கும் இடையில் அதற்கு என்ன நடந்தது என்பது. நீ அதைக் கேட்கவே இல்லை. ஒரு கம்பியில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் ஒரு தடவை விட்டு எடுத்திருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. நீ வீட்டுக்கு வரும் வழியில், காரிலிருந்தபடியே, உங்கள் விளையாட்டுக் குழு முழுவதும் பார்க்கிற இடத்தில், கஜன் உன்னுடைய நல்ல சாமான்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு குப்பையைப் போட்டுத் தந்துவிட்டான், அவனிடம் எதையும் கொடுக்காதீர்கள், கள்ளன் என்று எழுதினாய். அவன் போன் பண்ணியபோது நீ எடுக்கவில்லை. கொண்டுவா, திறந்து பார்ப்போம் என்று அவன் கேட்டதற்கும் நீ போகவில்லை. கொண்டுபோயிருந்தால் அவன் திறந்த உடனே மணத்திலேயே கண்டுபிடித்திருப்பான்.

பிறகு நடந்ததெல்லாம் நம் வீட்டு மேசையில் நடந்தது. நீ புதுக் குழல் போட்டாய், குண்டு நேராகப் போகவில்லை. போகாது. ரப்பரில் எண்ணெயும் திருநீறும் பசையாகக் காய்ந்து கிடக்கும்போது எந்தக் குழலைப் போட்டும் பயனில்லை. பலம் போதாது என்று பென்னம்பெரிய ஸ்பிரிங் ஒன்றை வாங்கிப் போட்டாய். மைதான வாசலில் வேகத்தை அளந்து பார்த்துவிட்டு, இதோடு உள்ளே விடமாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கும் கஜனைத்தான் திட்டினாய். அவன் போட்டது எதுவும் எனக்கு வேண்டாம் என்று அவனுடைய கொக்கியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் எறிந்துவிட்டுப் பழைய கொக்கியைப் போட்டாய், அந்தப் பெரிய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு. யோசித்துப் பார். தள்ளுகிற சாமான் மூன்று மடங்கு பலம், பிடிக்கிற சாமான் பெட்டியோடு வந்த தகரம். ஒருநாள் நீ கைப்பிடியை முன்னுக்குத் தள்ளி மூடிய உடனே, விசையில் விரல் வைக்காமலே, அது வெடித்தது. குண்டு அம்மாவின் காதோரம் போய்ப் பால்மா டின்னில் பட்டு டின் நெளிந்தது. அம்மா கையில் அகப்பையோடு அசையாமல் நின்றாள். அவள் அப்படி நின்றதை நான் முன்பு ஊரில், சண்டைக் காலத்தில் பார்த்திருக்கிறேன், நீ பிறப்பதற்கு முன்பு. நீ, 'பிளாஸ்டிக்தானேம்மா,' என்று சிரித்தாய். நான் எழும்பி வந்து துவக்கைப் பிடித்தேன். கொக்கிதான் பிழை என்று எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அப்போது நீ சொன்னாய்: 'அப்பா, கை வையாதேங்கோ. அதோட வந்த புத்தகத்தையே உங்களுக்கு வாசிக்கத் தெரியாது.'

அன்று நான் வகுப்புக்குப் போகத் தொடங்கி இரண்டு மாதம். நீ சொன்னது உண்மை. ஆனால் பிஸ்டனும் கொக்கியும் எழுத்தில் எழுதி வைத்த சாமான்கள் இல்லை, தம்பி. என் கையைத் தடுத்த அந்த மேசையில், உன் பள்ளிக்கூட நாட்களிலிருந்து என் கை சாமான் திருத்தி உழைத்த காசில்தான் நீ சாப்பிட்டாய்.

நீ பார்க்கிங் என்கிற ஊரில் தனி ஃபிளாட்டுக்குப் போனபோது துவக்கைக் கோபத்தில் மாடிப்படிக்குக் கீழே எறிந்துவிட்டுப் போனாய். மூன்று மாதம் அது அங்கே கிடந்தது. முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்த ஒருநாள், தகப்பனுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் திருத்தத் தெரியும் என்று காட்டுவோம் என்று எடுத்தேன். முதலில் சுத்தம் செய்தேன். கம்பியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டேன். துணி சாம்பல் நிறமாக வந்தது. கறுப்பாக வந்திருந்தால் ஊத்தை என்று நினைத்திருப்பேன். சாம்பல் நிறம் எப்படி வந்தது என்று மூக்கில் பிடித்தேன். நம் சாமி அறை மணத்தது. அப்படியே படியில் இருந்துவிட்டேன். ரப்பரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் பசை திரண்டு கல்லாக இருந்தது. அந்தப் பக்கம் மேடாக இருந்ததால்தான் குண்டு வலதுபக்கம் போயிருக்கிறது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காய வைத்து, லாச்சிக்குள் கிடந்த கஜனுடைய கொக்கியையும் ஸ்பிரிங்கையும் திரும்பப் போட்டு, அம்மாவை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, தோட்டத்தில் ஒரு காட்போட் பெட்டியை வைத்துச் சுட்டேன். பத்தும் ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தது. கஜன் செய்த வேலையில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுவதும் என்னுடையது.

அதன் பிறகு பத்தொன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக என்மீது எனக்கு உன்மீது இருப்பதைவிடக் கூடிய கோபம். சொன்னால் நீ சிரிப்பாய், துவக்குக்குத் திருநீறு பூசிய கதையைத் தர்ஷினி வீட்டுக்கும் சொல்லிச் சிரிப்பாய், படிக்காத மனுசன் செய்த வேலை என்பாய் என்று பயந்தேன். நீங்கள் இரண்டு பேரும் இளம் ஆட்கள், தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தானாகச் சரியாகாது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். இதை நான் அம்மாவுக்கும் சொன்னதில்லை. இல்போர்ட் கராஜில் என்னோடு கானா நாட்டு மனுசன் ஒருவர் வேலை செய்தார். என்னுடைய நல்ல ரென்ச் ஒன்று காணாமல் போனது. நான் எல்லோருக்கும் முன்னால் அவருடைய பையைத் திறந்து காட்டச் சொன்னேன். அவர் திறந்து, ஒவ்வொரு சாமானாக எடுத்துத் தரையில் வைத்தார். சாப்பாட்டுப் பெட்டி, முகம் துடைக்கிற துவாய், பிள்ளையின் படம். ரென்ச் இல்லை. இரண்டு நாள் கழித்து அது என் வேனின் இருக்கைக்குக் கீழே கிடந்தது. நான் அதை ஒருவரும் பார்க்காமல் சுவரில் கொழுவிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவர் அந்தக் கிழமையோடு வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் எங்கே இருக்கிறார் என்று கூட இப்போது எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க நினைத்தாலும் கேட்க ஆள் இல்லை. உனக்கு ஆள் இருக்கிறான். பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறான்.

தர்ஷினியின் தாய் அழுத அடுத்த நாள் 86ஆம் நம்பர் பஸ் பிடித்து ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனேன். அந்தச் சாம்பல் துணியை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுபோனேன். கஜன் ஒரு ஷட்டரை நிலத்தில் விரித்து வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டான். உன்னிடம் அந்த மரியாதையை எதிர்பார்த்து நான் களைத்துப்போனேன். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூசை, நல்லெண்ணெய், திருநீறு, பத்தொன்பது நாள். துணியை எடுத்துக் கொடுத்தேன். அவன் முகர்ந்து பார்த்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

'மாமா, நல்ல காலம் நீங்கள் தேங்காய் உடைக்கேல்லை,' என்றான்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அதன் பிறகு அவன் சொன்னவை சிரிக்கிற விஷயங்கள் இல்லை. உங்கள் குழுவில் இருக்கிற ஒருவருக்குக் கடை இருக்கிறது. கஜன்தான் அந்தக் கடைக்கு எப்போதும் ஷட்டர் பார்க்கிறவன். நீ எழுதிய பிறகு போனபோது, கடைக்காரர் வேலை முடியும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாராம். முடிந்ததும் கழற்றிய பழைய ஆணிகளை அவன் முன்னால் எண்ணிப் பார்த்தாராம். பதினைந்து வருடத்தில் எனக்கு முன்னால் ஒருவரும் எண்ணியதில்லை என்றான். அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தர்ஷினிக்காகத் தோழனாக வந்து நில் மகன், பிழை என்னுடையது என்றேன். அவன் கையை இழுக்கவில்லை. ஆனால் சொன்னான்:

'உங்கட பிழை எண்ணெயோட முடிஞ்சுது மாமா. நீங்கள் வந்தீங்கள், எனக்கு அது போதும். கள்ளன் எண்டு எழுதினது நீங்கள் இல்லை. நான் அவரின்ர காலைக் கழுவேக்க, மண்டபத்தில இருக்கிற அந்த நாற்பது பேரும் என்ன நினைப்பினம்? தங்கச்சிக்காகப் பின்வரிசையில வந்து இருப்பன். வாசலுக்கு வரமாட்டன்.'

அவன் இடத்தில் நான் இருந்தால் பின்வரிசைக்கும் வந்திருக்கமாட்டேன்.

நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் விட்டது அப்பா, அப்போ என்னில் என்ன பிழை என்று கேட்பாய். குண்டு வளைந்ததற்கு நான் காரணம். அது சாமானின் பிழை, நான் திருத்திவிட்டேன். நீ ஒரு சாமானின் பிழைக்கு ஒரு மனுசனைப் பிழை பிடித்தாய், அதுவும் திறந்து பார்க்காமல். தன் சாமானை நம்பிக் கொடுத்தவன் முதல் கோளாறிலேயே சந்தேகப்படுவான் என்றால், நாளைக்குத் தர்ஷினி ஒரு விஷயத்தில் பிழை விட்டால், அல்லது பிழை விட்டாள் என்று உனக்குத் தோன்றினால், என்ன செய்வாய்? அதையும் காருக்குள் இருந்து நாற்பது பேருக்கு எழுதுவாயா? நான் உன்னைக் கோபத்தில்தான் கேட்கிறேன். ஆனால் பதில் தெரிய வேண்டும் என்பதற்காகவும் கேட்கிறேன். என்னுடைய பிடிவாதம் உன்னிடம் இருக்கிறது. ரென்ச்சைச் சுவரில் கொழுவிவிட்டுப் பேசாமல் இருக்கிற புத்தியும் உன்னிடம் வந்திருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே இதைச் செய். கள்ளன் என்று எழுதிய அதே இடத்தில், அதே நாற்பது பேருக்கு, கஜன் களவெடுக்கவில்லை, அவனுடைய வேலை சரியாக இருந்தது, பார்க்காமல் எழுதியது என் பிழை என்று எழுது. என் நல்லெண்ணெயைப் பற்றியும் எழுது, அவர்கள் சிரிக்கட்டும், எனக்கு இனிப் பரவாயில்லை. ஆனால் அதை உன் பிழைக்கு முன்னால் எழுதாதே, பின்னால் எழுது. அப்படியொரு பெரிய ஸ்பிரிங்கை இனி எந்தத் துவக்கிலும் போடாதே, நீ போட்டதை நான் கழற்றிக் கவுன்சில் குப்பை எடுக்கிற இடத்தில் கொடுத்துவிட்டேன், தேடாதே. பிறகு கஜனிடம் நேரில் போ. போனில் இல்லை. தர்ஷினியைக் கூட்டிக்கொண்டும் போகாதே, அவளை நடுவில் நிறுத்தினால் அவன் உன்னிடம் கோபப்பட முடியாது. அவன் கோபப்படட்டும். நீ கேட்டுக்கொண்டிரு.

வருகிற சனிக்கிழமை பத்து மணிக்குக் கஜன் கடையைத் திறப்பான். நான் ஒன்பதரைக்கே அங்கே போய்விடுவேன். மூன்று கதிரை போடச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்று வெறுமையாக இருந்தால், நானும் கஜனும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேரே தர்ஷினியின் தாயிடம் போவோம். மாப்பிள்ளை இன்னும் கலியாணத்துக்கு ஆயத்தமாகவில்லை, கொஞ்சம் தள்ளிப்போடுவோம் என்று உன் தகப்பனாகிய நானே சொல்லுவேன். மண்டபம், சாப்பாடு, ஊரிலிருந்து டிக்கெட் எடுத்தவர்கள் என்று அம்மா அழுவாள். அழட்டும். நான் சொல்லுவேன்.

வரும்போது காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வா. வெறும் வயிற்றோடு வந்தால் உனக்குச் சீக்கிரம் கோபம் வரும், சின்னனிலிருந்தே அப்படித்தான். அன்று அங்கே கோபப்படுகிற முறை கஜனுடையது.

அப்பா